மோதாத புல்டோசரும் உடைக்காத திருடனும்: இன்சூரன்ஸ் பாலிசியை நீதிமன்றம் படிக்கும் விதம்

2004-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் இரண்டு இன்சூரன்ஸ் வழக்குகளில் தீர்ப்பு சொன்னது. இரண்டிலும் ஒரு பக்கம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸ் நிறுவனம், மறுபக்கம் நஷ்டப்பட்ட ஒரு வியாபாரி. இரண்டிலும் சண்டை பாலிசியில் இருந்த ஓரிரு சொற்களைப் பற்றியதுதான். ஆனால் பிப்ரவரியில் வியாபாரி ஜெயித்தார், செப்டம்பரில் நிறுவனம் ஜெயித்தது. பாலிசியை நீதிமன்றம் எப்படிப் படிக்கிறது என்று புரிந்துகொள்ள இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

முதலாவது புஷ்பாலயா பிரிண்டர்ஸ் என்ற அச்சகத்தின் வழக்கு. அச்சகத்தை ஒட்டிச் சாலை போடும் வேலை நடந்தது. புல்டோசர் கட்டடத்துக்கு மிக அருகில் ஓடியது. கட்டடத்தை அது தொடவே இல்லை, ஆனால் அதிர்வில் கட்டடமும் இயந்திரங்களும் சேதமடைந்தன. சாலை வாகனத்தின் 'இம்பாக்ட்' காரணமாக வரும் சேதத்துக்குப் பாலிசியில் பாதுகாப்பு இருந்தது. "இம்பாக்ட் என்றால் நேரடியாக மோத வேண்டும், இங்கே மோதல் இல்லையே" என்றது நிறுவனம். அந்த ஆங்கிலச் சொல்லுக்கு மோதல் என்றும் பொருள் உண்டு, பலமான தாக்கம் என்றும் பொருள் உண்டு. இரண்டுக்கும் இடமிருக்கும்போது பாலிசி எடுத்தவருக்குச் சாதகமான பொருளையே எடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த பாலிசி தமிழில் எழுதப்பட்டு அதில் 'மோதுதல்' என்று இருந்திருந்தால் அச்சகத்தார் தோற்றிருக்கவும் கூடும். 'தாக்கம்' என்று இருந்திருந்தால் வழக்கே வந்திருக்காது.

இரண்டாவது ஹர்சந்த் ராய் சந்தன் லால் என்ற வியாபார நிறுவனத்தின் வழக்கு. கிடங்கில் இருந்த சரக்கு திருடு போனது. திருட்டு நடந்தது உண்மைதான், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் பாலிசியின் வரையறைப்படி, பலவந்தமாகவும் வன்முறையாகவும் உள்ளே நுழைந்து செய்த திருட்டுக்குத்தான் பணம். அப்படி நுழைந்ததாக இங்கே காட்டப்படவில்லை. தேசிய நுகர்வோர் ஆணையத்தில் வியாபாரி ஜெயித்திருந்தார். உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. சொல் தெளிவாக இருக்கிறது, அதில் நாங்கள் எதையும் கூட்டவோ குறைக்கவோ முடியாது என்றது.

ஆங்கிலத்தில் 'பர்க்ளரி' என்பதற்குத் தமிழில் கன்னக்களவு என்று பழைய சொல் ஒன்று உண்டு. கன்னக்கோலால் சுவரைத் துளைத்து உள்ளே போவதுதான் கன்னம் வைத்தல். திறந்த கதவு வழியாக வந்து எடுத்துப் போனால் அது திருட்டு, சுவரில் ஓட்டை போட்டு எடுத்தால் கன்னக்களவு. நம் மொழியே இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது. பாலிசியும் அதைத்தான் செய்தது. ஆனால் கடை நடத்தும் ஒருவர் 'பர்க்ளரி பாலிசி' வாங்கும்போது எந்த வகைத் திருட்டுக்கு என்று யோசிப்பாரா? திருட்டுக்கு இன்சூரன்ஸ் போட்டிருக்கிறேன் என்றுதான் நினைத்துக்கொள்வார். நீதிபதிகளுக்கும் இது உறுத்தியிருக்கிறது. நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பு சொன்ன கையோடு, இந்த வரையறை சாமானியருக்குப் புரியாத அளவு கடுமையாக இருக்கிறது, நடைமுறை வாழ்க்கைக்குப் பொருந்தும்படி நிறுவனங்கள் இதைத் திருத்த வேண்டும் என்றும் எழுதினார்கள்.

ஆக, நீதிமன்றத்தின் முதல் கேள்வி யார் பாவம் என்பது இல்லை. இந்தச் சொல்லுக்கு நியாயமாக ஒரு பொருள்தான் இருக்கிறதா, இரண்டு இருக்கின்றனவா என்பதே. ஒன்றுதான் என்றால் அதன்படி தீர்ப்பு. பாலிசி என்பது ஒப்பந்தம், எவ்வளவு நியாயமாகத் தோன்றினாலும் புதிய ஒப்பந்தத்தை நீதிமன்றம் எழுதிக் கொடுக்க முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் 1966-லேயே, ஜெனரல் அஷ்யூரன்ஸ் சொசைட்டி வழக்கில் சொல்லிவிட்டது. இரண்டு பொருள் இருந்தால்தான் அடுத்த விதி வேலை செய்யும். அதற்கு லத்தீனில் 'கான்ட்ரா புரொஃபரென்டம்' என்று பெயர். எழுதியவருக்கு எதிராகப் படி என்று அர்த்தம். பாலிசியை எழுதுவது நிறுவனம். நாம் அதில் ஒரு கமாவைக்கூட மாற்ற முடியாது, கையெழுத்து போடலாம், அல்லது போடாமல் வரலாம். தெளிவாக எழுதும் வாய்ப்பு ஒரே ஒருவரிடம் இருந்தது என்றால், தெளிவில்லாததன் விளைவையும் அவரே சுமக்கட்டும் என்பதுதான் இதன் நியாயம்.

இங்கிலாந்தில் 1954-ல் வந்த ஹாட்டன் வழக்கைச் சட்ட மாணவர்கள் எல்லோரும் படிப்பார்கள். ஐந்து பேர் உட்காரும் காரில் ஆறு பேர் போனார்கள், விபத்து. வண்டி தாங்கக்கூடியதைவிட அதிக 'லோடு' ஏற்றியிருந்தால் பணம் கிடையாது என்று பாலிசியில் ஒரு விலக்கு. ஆறாவது ஆள் லோடு ஆவாரா? லோடு என்பது எடை அளவு குறிப்பிடப்பட்ட சரக்கு வண்டிகளுக்கான பேச்சு, பயணிகள் காரில் கூடுதலாக ஒருவர் ஏறுவதை இந்தச் சொல் தெளிவாகக் குறிக்கவில்லை என்று நீதிமன்றம் சொன்னது. நிறுவனம் தோற்றது. "ஆறு பேர் ஏறக் கூடாது" என்று ஒரு வரி எழுதியிருந்தால் ஜெயித்திருக்கும்.

பாதுகாப்பு அகலமாக, விலக்கு குறுகலாக

எந்த பாலிசியையும் பிரித்தால் இரண்டு பகுதிகள் தெரியும். எதற்கெல்லாம் பணம் தருவோம் என்று ஒன்று, எதற்கெல்லாம் தரமாட்டோம் என்று மற்றொன்று. இரண்டாவதைத்தான் விலக்கு, எக்ஸ்க்ளூஷன் என்கிறோம். இரண்டையும் நீதிமன்றம் ஒரே கண்ணாடி போட்டுப் படிப்பதில்லை. 2020-ல் கனரா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் சுருக்கமாகச் சொன்னது: பாதுகாப்பு தரும் வரிகளை விரிவாகப் படிக்க வேண்டும், விலக்கு வரிகளைக் குறுக்கிப் படிக்க வேண்டும், மொத்த பாலிசியையும் சேர்த்து வைத்து இரு தரப்பும் நியாயமாக எதை எதிர்பார்த்தார்கள் என்று பார்க்க வேண்டும். கர்நாடகத்தில் ஒரு குளிர்பதனக் கிடங்கு தீப்பிடித்து, விவசாயிகள் அங்கே வைத்திருந்த விளைபொருள் எரிந்து போன வழக்கு அது.

நிரூபிக்கும் பொறுப்பும் இதேபோல் பிரிகிறது. என் நஷ்டம் பாலிசிக்குள் வருகிறது என்று காட்டுவது நம் வேலை. அதைக் காட்டிவிட்டால், இது விலக்குக்குள் விழுகிறது என்று நிரூபிப்பது நிறுவனத்தின் வேலை. 2007-ல் ஒரு நகைக்கடை வழக்கு. வாடிக்கையாளரிடம் ஒப்படைத்த நகையை அவரே திருடினால் பணம் கிடையாது என்று விலக்கு இருந்தது. எடுத்தவர் வாடிக்கையாளர்தான், நகை அவரிடம் ஒப்படைக்கப்பட்டது என்று நிறுவனம் நிரூபிக்கவில்லை. அதனால் விலக்கு பொருந்தவில்லை. கிளெய்ம் செய்தவர்கள் பலருக்கு இந்த வித்தியாசம் தெரிவதில்லை. "நீங்கள் தவறு செய்யவில்லை என்று நிரூபியுங்கள்" என்று நிறுவனம் கேட்டதும் தடுமாறிப்போகிறார்கள். விலக்கைக் காட்டித்தான் மறுக்கிறார்கள் என்றால், நிரூபிக்க வேண்டியவர்கள் அவர்கள்தான்.

விலக்கைக் குறுக்குவதற்கு நீதிமன்றம் கையாளும் இன்னொரு கருவி, பாலிசியின் முக்கிய நோக்கம் என்ன என்று கேட்பது. 1987-ல் ஸ்காண்டியா இன்சூரன்ஸ் வழக்கு. லாரி டிரைவர் எதிர்க்கடையில் பலகாரம் வாங்க இறங்கினார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. லைசென்ஸ் இல்லாத கிளீனர் வண்டியை எடுத்தார், விபத்தில் உயிர் போனது. லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டினால் பொறுப்பில்லை என்பது விலக்கு. அதை எழுத்துக்கு எழுத்து படித்தால் நிறுவனம் தப்பித்துவிடும். ஆனால் மூன்றாம் நபர் காப்பீட்டைச் சட்டம் கட்டாயமாக்கியதே ரோட்டில் அடிபட்டவரின் குடும்பம் கைவிடப்படக் கூடாது என்பதற்காக. உரிமையாளர் லைசென்ஸ் உள்ள டிரைவரைத்தான் வேலைக்கு வைத்திருந்தார், லைசென்ஸ் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுக்க மாட்டேன் என்ற வாக்கை அவர் மீறவில்லை. அந்த நோக்கத்துக்கு ஏற்றபடி விலக்கைக் குறுக்கிப் படித்து, நிறுவனமே நஷ்டஈடு தர வேண்டும் என்றது நீதிமன்றம்.

இதே கருவியின் இன்னும் கூர்மையான உதாரணம் 2022 நவம்பரில் வந்த டெக்ஸ்கோ மார்க்கெட்டிங் வழக்கு. கடை அடித்தளத்தில், அதாவது பேஸ்மென்ட்டில் இருந்தது. இன்சூரன்ஸ் நிறுவனம் அதை நேரில் பார்வையிட்டது, பாலிசி கொடுத்தது, பிரீமியம் வாங்கியது. தீப்பிடித்த பிறகு பாலிசியின் ஒரு மூலையைச் சுட்டிக்காட்டி, "அடித்தளத்துக்குப் பாதுகாப்பு இல்லை" என்றது. அடித்தளக் கடைக்கு அடித்தளத்தை விலக்கிய பாலிசி! ஈரோட்டுக்காரரான நீதிபதி எம்.எம். சுந்தரேஷ் எழுதிய தீர்ப்பு, ஒப்பந்தத்தையே இல்லாமல் ஆக்கிவிடும் விலக்கை அமல்படுத்த முடியாது என்றது. தெரிந்தே இப்படி பாலிசி விற்பது முறையற்ற வணிகம் என்பதையும் பதிவு செய்தது. எனக்கு மிகவும் பிடித்த தீர்ப்பு இது. 'பாலிசியில் இருக்கிறது சார்' என்ற ஒற்றை வரியோடு எல்லாம் முடிந்துவிடாது என்று அது காட்டியது.

எது உண்மையான காரணம்?

வாழ்க்கையில் நஷ்டம் ஒற்றைக் காரணத்தோடு வருவது குறைவு. ஒன்றுக்குப் பின் ஒன்றாகச் சங்கிலி போல வரும். அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி பாலிசிக்குள்ளும் ஒரு கண்ணி விலக்குக்குள்ளும் இருந்தால்?

முதல் உலகப் போரில், 1915 ஜனவரியில், இகாரியா என்ற கப்பலை பிரான்சின் லெ ஆவ்ர் துறைமுகத்துக்கு அருகே ஜெர்மானிய டார்பிடோ தாக்கியது. கப்பல் உடனே மூழ்கவில்லை. தத்தளித்துத் துறைமுகத்துக்குள் வந்து சேர்ந்தது. அங்கே புயல் காற்று, கப்பல் கரையில் இடித்துக்கொண்டே இருந்தது. உள்ளேயே மூழ்கிவிட்டால் பாதை அடைபடும் என்று வெளிப்பக்கம் நகர்த்தினார்கள். அலை வற்றும்போதெல்லாம் தரை தட்டி, கடைசியில் மூழ்கியது. கடல் அபாயங்களுக்குப் பாலிசி பணம் தரும், போர் நடவடிக்கைகளின் விளைவு என்றால் தராது. மூழ்கடித்தது புயலா, டார்பிடோவா? நேரத்தில் கடைசியாக வந்தது புயல். ஆனால் 1918-ல், அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை, டார்பிடோதான் காரணம் என்றது. அடி பட்ட நொடியிலிருந்து கப்பல் அந்த ஆபத்தின் பிடியிலிருந்து மீளவே இல்லை. கடைசியாக வந்ததை விட்டுவிட்டு, வலுவாக வேலை செய்த காரணத்தைத் தேட வேண்டும் என்ற விதி இதிலிருந்து நிலைத்தது. இங்கே அது நிறுவனத்துக்குச் சாதகமாக முடிந்தது.

நம் நாட்டில் அதே விதி 2009-ல் மறுபக்கம் சாய்ந்தது. கோவாவில் ஜுவாரி இண்டஸ்ட்ரீஸ் ஆலையின் மின்பலகையில் 1999 ஜனவரியில் ஷார்ட் சர்க்யூட் ஏற்பட்டு, தீ கிளம்பியது. மின்சாரம் நின்றது. அதனால் பாய்லருக்குப் போக வேண்டிய நீர் நின்றது, சூடான வாயு மட்டும் போய்க்கொண்டே இருந்தது, பாய்லர் கெட்டது. பாய்லரைத் தீ தொடவில்லையே என்று நிறுவனம் வாதாடியது. தொடங்கி வைத்தது தீ, இடையில் வேறு எதுவும் சங்கிலியை அறுக்கவில்லை, தீ எவ்வளவு நேரம் எரிந்தது என்பது பொருட்டல்ல என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

காரணம் பற்றிய கேள்விக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. நாம் ஒரு நிபந்தனையை மீறியிருக்கிறோம், ஆனால் அந்த மீறலுக்கும் நஷ்டத்துக்கும் சம்பந்தமே இல்லை என்றால்? 1996-ல் வந்த லாரி வழக்கில் ஆறு தொழிலாளர்களுக்கு அனுமதி, ஏறியிருந்தது ஒன்பது பேர். கூடுதலாக மூன்று பேர் உட்கார்ந்திருந்ததால் விபத்து நடக்கவில்லை, இது பாலிசியையே முறிக்கும் அளவு பெரிய மீறல் இல்லை என்றது உச்ச நீதிமன்றம். 2008-ல் சொந்த உபயோகத்துக்கான கார் ஒன்று வாடகைக்கு ஓடியபோது திருடு போனது. வாடகைக்கு ஓட்டியது மீறல்தான், ஆனால் அதனால் நிறுவனம் முழுக்கக் கைவிரிக்க முடியாது என்று 75 சதவீதம் தரச் சொன்ன உத்தரவு உறுதியானது. ஷோரூமிலோ, நஷ்டத்தை மதிப்பிட வரும் சர்வேயரிடமோ 'நான்-ஸ்டாண்டர்ட் செட்டில்மென்ட்' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அது இதுதான்.

தாமதமாகத் தகவல் சொன்னதும் இந்த வகையில் சேரும். 2020 ஜனவரியில் மூன்று நீதிபதிகள் அமர்வு, வண்டி திருடு போனதும் போலீசில் உடனே புகார் கொடுத்திருந்தால், இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குச் சொல்லத் தாமதமானது என்பதை மட்டும் வைத்து கிளெய்மை மறுக்க முடியாது என்று தெளிவுபடுத்தியது.

அந்த வரி உங்கள் கைக்கு வந்ததா?

இனி, 2004-ன் உடைக்காத திருடனிடம் திரும்புவோம். ஹர்சந்த் ராய் தீர்ப்புக்குப் பிறகு, பலவந்தம் இல்லாத திருட்டு வழக்கு எது வந்தாலும் நிறுவனங்கள் அதையே எடுத்து நீட்டின. 2019-ல் பாரத் வாட்ச் கம்பெனி வழக்கிலும் அப்படித்தான். தேசிய ஆணையம் அதை ஏற்று கடைக்காரரின் கிளெய்மைத் தள்ளிவிட்டது. ஆனால் உச்ச நீதிமன்றத்தில் கடைக்காரர் வேறொரு கேள்வியை முன்வைத்தார். விலக்கு நிபந்தனைகள் அடங்கிய தாள்களை நிறுவனம் தன்னிடம் கொடுக்கவே இல்லை என்றார். வருடா வருடம் புதுப்பிக்கிறாரே, தெரிந்திருக்க வேண்டாமா என்பது ஆணையத்தின் நினைப்பு. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. விலக்கைப் பாலிசிதாரருக்குத் தெரிவிக்காமல் விட்டால் நிறுவனம் அதை நம்பி நிற்க முடியாது. 2000-ல் மாடர்ன் இன்சுலேட்டர்ஸ் வழக்கிலேயே இந்தக் கருத்து வந்துவிட்டது. 2004 வழக்கில் நிபந்தனைகள் தெரிவிக்கப்பட்டன என்பதில் தகராறு இல்லை, எனவே அந்தத் தீர்ப்பு இங்கே பொருந்தாது. பதினைந்து ஆண்டு இடைவெளியில் திருட்டும் மாறவில்லை, சட்டமும் மாறவில்லை. தாள் கைக்கு வந்ததா என்ற ஒரு விஷயம் முடிவைப் புரட்டிப் போட்டது.

தெரிவிக்கும் கடமை நமக்கும் உண்டு. பாலிசி கேட்டு நிரப்பிக் கொடுக்கும் புரொபோசல் ஃபாரத்தில் நோயையோ வேறு பாலிசிகளையோ மறைத்தவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றிருக்கிறார்கள். ஏஜென்ட் நிரப்பிய ஃபாரம் என்றாலும் கையெழுத்து உங்களுடையது, ஒருமுறை வாசித்துவிட்டுப் போடுங்கள். அதே சமயம், சொன்ன நோயைக் கேட்டுக்கொண்டு பாலிசி கொடுத்துவிட்டு, பிறகு அதையே சாக்காகச் சொல்ல முடியாது என்று 2021 டிசம்பரில் ஒரு வெளிநாட்டுப் பயண மருத்துவக் காப்பீட்டு வழக்கில் தீர்ப்பு வந்தது. மருத்துவக் காப்பீட்டில் தொடர்ந்து 60 மாதம் பிரீமியம் கட்டிய பிறகு, மோசடி என்று நிரூபித்தால் தவிர, தகவல் மறைப்பைக் காரணம் காட்டி மறுக்கக் கூடாது என்பது 2024 ஏப்ரலிலிருந்து இருக்கும் விதி. பாலிசியின் முக்கிய விவரங்களை எளிமையாகச் சொல்லும் வாடிக்கையாளர் தகவல் தாளை உள்ளூர் மொழியிலும் கேட்டு வாங்கலாம். தமிழில் கேளுங்கள்.

கிளெய்ம் மறுக்கப்பட்டால் முதலில் தேட வேண்டியது நிராகரிப்புக் கடிதம். போனில் சொன்னதை விட்டுவிடுங்கள், எழுத்தில் வாங்குங்கள். அந்தக் கடிதத்தில் சொல்லாத காரணத்தைப் பிற்பாடு வழக்கு நடக்கும்போது நிறுவனம் புதிதாகக் கொண்டுவர முடியாது என்று 2016-ல் கலாடா பவர் வழக்கிலும், 2019-ல் சௌராஷ்டிரா கெமிக்கல்ஸ் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அப்புறம், நிறுவனத்திடம் எழுத்தில் முறையிட்டும் தீரவில்லை என்றால் ஓராண்டுக்குள், இன்சூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். 50 லட்சம் ரூபாய் வரை அங்கே விசாரிப்பார்கள், கட்டணம் கிடையாது, சென்னையிலும் அலுவலகம் இருக்கிறது. நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டு அவகாசம்.

இத்தனையையும் வைத்து, சென்னைக்காரர்களுக்கு 2015 டிசம்பர் முதல் நன்றாகத் தெரிந்த ஒரு சிக்கலைப் பார்க்கலாம். வெள்ளத்தில் கார் மூழ்கியது, எஞ்சின் போய்விட்டது. சொந்த சேதத்துக்கான பகுதியில் வெள்ளம் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கிறது, அதனால் நம் பங்கு நிரூபணம் சுலபம். நிறுவனம் விலக்கைக் காட்டும்: 'கான்சிக்வென்ஷியல் லாஸ்', அதாவது பின்விளைவாக வந்த நஷ்டம், மற்றும் இயந்திரக் கோளாறு. தண்ணீர் நின்ற காரை நீங்கள் ஸ்டார்ட் செய்தீர்கள், அதனால்தான் எஞ்சின் உடைந்தது, வெள்ளத்தால் இல்லை என்பார்கள். இப்போது கேள்விகள் வரிசையாக வரும். ஸ்டார்ட் செய்தார் என்று காட்ட வேண்டியவர் நிறுவனம். காட்டிவிட்டால், வலுவான காரணம் வெள்ளமா, சாவியைத் திருப்பியதா என்பது அடுத்தது. எஞ்சினுக்கான தனிப் பாதுகாப்பை ஆட்-ஆனாக, அதாவது கூடுதல் பணம் கட்டி எடுக்கும் சேர்க்கையாக விற்றோம், இவர் வாங்கவில்லை என்ற வாதமும் வரும், அதற்குக் கொஞ்சம் பலம் இருக்கிறது. ஓடிக்கொண்டிருந்தபோதே தண்ணீர் ஏறி நின்றுபோன வண்டிக்கும், மறுநாள் காலையில் பார்க்கிங்கில் சாவி போட்ட வண்டிக்கும் ஒரே பதில் கிடைக்காது என்று நினைக்கிறேன். நான் கிளெய்ம் கேட்கும் பக்கம் இருந்தால், மெக்கானிக் எழுதிக் கொடுத்த அறிக்கையையும், வண்டி ஸ்டார்ட் ஆகாமலே இழுத்துக்கொண்டு போகப்பட்டதற்கான ரசீதையும் முதலில் கேட்டு வாங்கிக்கொள்வேன்.